மத்தியான டூட்டி

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. பாப்பா எங்க, கீழ பேக்கரியிலயா? இருக்கட்டும், நிதானமா சாப்பிட்டு வரட்டும். நம்ம க்ளாஸ் பசங்கள்ல பாதிப் பேர் பப்ஸ் வாசனையைப் புடிச்சுக்கிட்டுப் படியேறி வந்தவங்கதான்.

பேனரைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. 'எங்கள் மாணவி சுகந்தி, 196/200.' நிஜமான மார்க்குங்க அது, நான் ஏத்திப் போடல. போட்டோ நல்லா விழுந்திருக்கு இல்ல? கம்பெனி யூனிஃபார்மோட நேரா வந்தா, அப்படியே நிக்க வெச்சு எடுத்தோம். வாலாஜாபாத் பொண்ணு. ஒரகடத்துல ஒரு கொரியாக்காரன் கம்பெனி, காருக்குள்ள ஓடற வயரையெல்லாம் சேத்துக் கட்டற லைன், அதுல வேலை. எட்டு மணி நேரம் நின்னுட்டு, அதுக்கப்புறம் பஸ் புடிச்சு இங்க படப்பைக்கு வந்து படிச்சா.

சுவத்துல மாட்டியிருக்கறதா? அது என்னோடது. பூவராகன், அதான் நான். மூணாம் நிலை. பாருங்க, தாராளமாப் பாருங்க. தேதியை மட்டும் பாக்காதீங்க.

பாத்துட்டீங்களா. சரி, மறைச்சு என்ன ஆகப்போகுது. டோபிக்னு சொல்றோமே, கொரியா பாஷைப் பரீட்சை, அந்த சர்டிபிகேட் ரெண்டு வருஷம்தான் செல்லும். பால் பாக்கெட் மாதிரி அதுலயும் தேதி போட்டிருக்கும். என்னோடது திரிஞ்சு போயி நாலு வருஷம் ஆகுது. யாரும் கிட்டப் போயிப் பாக்கறதில்லை, ஃப்ரேம் போட்டு உசரமா மாட்டிட்டா மரியாதையா தூர நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்துட்டீங்க.

நீங்க கேட்டதுக்கு வர்றேன். பாப்பா வீட்லயே படிச்சிருக்கா, நேரா பெரிய பரீட்சையே எழுதலாமான்னு கேட்டீங்க. வழக்கமா இதுக்கு என்கிட்ட ஒரு பதில் தயாரா இருக்கும், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். போன வியாழக்கிழமையில இருந்து அது வாயில வரமாட்டேங்குது. அதான் உங்ககிட்ட என்னென்னமோ பேசிக்கிட்டிருக்கேன்.

பரீட்சை ரெண்டு விதம் மேடம். சின்னது காலையில, பெரியது மத்தியானம், ரெண்டும் ஒரே ஞாயித்துக்கிழமை, ஒரே காலேஜ்ல நடக்கும். சின்னதுல கேக்கறது, படிக்கறது, அவ்ளோதான். டேப்புல ஒருத்தன் பேசுவான், நாம வட்டத்தைக் கருப்படிக்கணும். ஒண்ணாம் நிலை, ரெண்டாம் நிலை அதுல வந்துடும். மூணுல இருந்து ஆறு வரைக்கும் வேணும்னா பெரியது. முந்நூறு மார்க், நூத்தி இருபது எடுத்தா மூணாம் நிலை. பெரியதுல எழுதவும் சொல்வாங்க. கட்டம் கட்டமாப் போட்ட தாள் குடுத்து, கட்டத்துக்கு ஒரு எழுத்து, அறுநூறு எழுநூறு கட்டத்துக்குக் கட்டுரை எழுதணும். பேசச் சொல்ல மாட்டாங்க. அது ஒண்ணுதான் என் கஷ்டகாலம். பேசச் சொன்னா நான் ஊதித் தள்ளிடுவேன். முன்னாடி நான் ஒரு கொரியா கம்பெனியில ஸ்டோர்ல இருந்தப்ப ஆறு மாசம் என்னைக் கொரியாவுக்கே டிரெய்னிங் அனுப்பினாங்க. அப்ப எழுதி வாங்கினதுதான் இந்தச் சுவத்துல இருக்கறது.

அப்புறம் கொரோனா, வேலை போச்சு, இந்த ரூமைப் புடிச்சேன். வர்றவங்க எல்லாரும் அரிச்சுவடியில ஆரம்பிக்கறவங்க. நாலு வருஷமா 'இது என்ன? இது ஆப்பிள். அது என்ன? அது நாற்காலி'ன்னே சொல்லிக் குடுத்தா, வாத்தியாருக்கும் ஆப்பிளும் நாற்காலியும்தான் மிச்சம். சர்டிபிகேட்டைப் புதுசாக்கணுமேன்னு சத்தமில்லாம ரெண்டு தடவை போயி எழுதினேன். ஒரு தடவை நூத்திப் பன்னெண்டு. ஒரு தடவை நூத்திப் பதினேழு. மூணு மார்க்ல போச்சு மேடம். அன்னிக்கு அந்த ஹால்ல ஏ.சி. நேரா என் தலை மேல. காது அடைச்சுக்கிச்சு. அவனுங்களும் பெரிய பரீட்சையில பாதிக் கேள்வியை ஒரு தடவைதான் சொல்றானுங்க. சரி, அதை விடுங்க.

யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரிக்கே தெரியாது. எப்படி மறைச்சேன்னு கேளுங்க. என் பசங்க எல்லாரையும் காலையில சின்னது எழுத நானே கூட்டிக்கிட்டுப் போவேன். அப்ளிகேஷன் எல்லாம் நான்தான் போடறது. பாஸ்போர்ட் காப்பியும் போட்டோவும் குடுத்துடுவாங்க, எந்தப் பரீட்சைன்னு டிக் அடிக்கறதுகூட நான்தான். இங்க எல்லா சென்டர்லயும் அதான் பழக்கம், சார் பாத்துப்பார்ங்கிற நம்பிக்கை. எல்லாருக்கும் சின்னதுதான் போடுவேன். மத்தியானம் எல்லாரும் வெளிய வந்ததும், "நீங்க கிளம்புங்க, எனக்கு மத்தியானம் இங்க டூட்டி இருக்கு"ன்னு சொல்வேன். சூப்பர்வைசர் டூட்டின்னு அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நான் சூப்பர்வைசர்னு சொல்லவே இல்ல. பழைய கம்பெனி அடையாள அட்டை ஒண்ணு கிடந்துச்சு, அதைத் திருப்பிப் போட்டுக் கழுத்துல மாட்டிக்குவேன். முழுக்கைச் சட்டை. டை. பசங்க போனதும் பாத்ரூம்ல போயி எல்லாத்தையும் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு, காலேஜ் பொண்ணுங்களோட வரிசையில போயி நிப்பேன். பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவன் கதைதான்.

போன வருஷம் சுகந்தி வந்து கேட்டா. இதே இடம், நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்க நின்னா. உக்கார மாட்டா என் எதிர்ல.

"சார், நான் பெரிய பரீட்சை எழுதட்டுங்களா? லைன்ல இருந்து ஆபீஸுக்கு ஒரு ஆள் எடுக்கறாங்க சார். கொரியா சாருங்களுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் நடுவுல பேசற வேலை. மூணாம் நிலை இருந்தா போதுமாம். வருஷக் கடைசிக்குள்ள சர்டிபிகேட் குடுத்துடணுமாம்."

அந்த வேலை கிடைச்சா அவ உக்காந்து வேலை செய்யலாம் மேடம். அதை அவ சொன்ன விதம் இருக்கே. "உக்காந்து பாக்கற வேலை சார்"ன்னா. காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கிச்சு அந்தப் பொண்ணுக்கு, இருபத்தாறு வயசுல.

நான் சொன்னேன், "பாக்கலாம்மா, முதல்ல ஒரு மாதிரித் தேர்வு வெச்சுப் பாப்போம்." பெரிய பரீட்சையோட பழைய கேள்வித்தாள் ஒண்ணைக் குடுத்தேன். கட்டுரையை விட்டுடு, கேக்கறதும் படிக்கறதும் மட்டும் எழுதுன்னேன். கட்டுரையைத் திருத்த எனக்கு... நேரம் இல்ல. ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து எழுதினா. திருத்தினேன்.

இருநூத்துக்கு நூத்தி முப்பத்தொண்ணு. கட்டுரையில ஒரு எழுத்துகூட எழுதாமலே பாஸ்.

விடைத்தாள் மாத்தி எடுத்துட்டேனோன்னு மறுபடி திருத்தினேன். நூத்தி முப்பத்தொண்ணு. அன்னிக்கே கதவைச் சாத்திக்கிட்டு அதே தாளை நானும் எழுதிப் பாத்தேன். அது எதுக்குங்கறீங்க? வாத்தியார்னா கேள்வித்தாளைத் தெரிஞ்சு வெச்சுக்க வேணாமா? அதுக்குத்தான். எனக்கு நூத்தி ரெண்டு வந்துச்சு. கண்ணாடி பவர் மாத்தணும்னு அப்பவே தோணிச்சு, இன்னும் மாத்தல.

பொறாமையெல்லாம் இல்லீங்க. என் ஸ்டூடண்ட் அவ, 'அ' போடக் கத்துக் குடுத்ததே நான்தான். அவ ஜெயிச்சா எனக்குத்தான பேரு? எனக்கு இருந்தது பயம். அவ மத்தியானம் எழுத வந்தா அதே ஹால்ல என்னைப் பாப்பா. டூட்டின்னு சொன்ன மனுசன் பக்கத்து பெஞ்சுல ஹால் டிக்கெட்டோட உக்காந்திருக்கறதைப் பாப்பா. அவ பாத்தா கம்பெனி வேனுக்குத் தெரியும், லைனுக்குத் தெரியும், படப்பைக்கே தெரியும். அந்தப் பயம்தான். வேற ஒண்ணும் இல்ல.

மறுநாள் வந்து நின்னா. "மார்க் என்ன சார்?"

"மார்க்கை விடும்மா. படிப்படியாப் போகணும். முதல்ல சின்னது எழுது, அடுத்த வருஷம் பெரியது பாத்துக்கலாம்."

"ரெண்டையும் ஒரே நாள்ல எழுதலாம்னு நெட்ல போட்டிருக்கே சார்? காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு."

"ரெண்டும் எழுதினா மூளை குழம்பிடும்மா. ரெண்டும் இல்லாமப் போயிடும்."

பொய் சொன்னேன்னு சொல்ல முடியாது. குழம்பறவங்களும் இருக்காங்க. மார்க்கையும் நான் குறைச்சுச் சொல்லல, சொல்லவே இல்லைங்கறதுதான். சின்னதுக்கு டிக் அடிச்சேன். அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. "நீங்க சொன்னா சரி சார்"னு ரெண்டு கையாலயும் பாஸ்போர்ட்டை நீட்டினா. கொரியாக்காரங்க பெரியவங்களுக்கு அப்படித்தான் குடுப்பாங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்திருந்தேன்.

பரீட்சை நாள் வந்துச்சு. காலையில பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வாசல்ல நின்னு, "அவங்க குடுக்கற பேனாவுல மொத்தமா இருக்கற முனையாலதான் வட்டம் கருப்படிக்கணும், தப்பாப் போச்சுன்னா கையைத் தூக்குங்க, அவங்களே வந்து வெள்ளை டேப் ஒட்டிக் குடுப்பாங்க"ன்னு ஒவ்வொருத்தருக்கும் சொன்னேன். மத்தியானம் எல்லாரும் சிரிச்சுக்கிட்டு வந்தாங்க. "எனக்கு டூட்டி இருக்கு, நீங்க கிளம்புங்க"ன்னேன். ஒரு பையன் சல்யூட் அடிச்சான். சுகந்தி குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுப் போனா.

நான் பாத்ரூம் போயி டையைக் கழட்டிட்டு வந்து வரிசையில நின்னேன். வாசல்ல ஒரு கொரியாப் பொண்ணு, சின்ன வயசு, சூப்பர்வைசர். நிஜ சூப்பர்வைசர். என்னைப் பாத்ததும் ரொம்ப மரியாதையா, "அப்பா அம்மா எல்லாரும் வெளிய காத்திருக்கணும் சார்"னு கொரியா பாஷையில சொன்னா. எனக்கு முன்னால பின்னால நின்ன பொண்ணுங்க எல்லாம் சிரிச்சுதுங்க. ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவ முகம் செவந்து போச்சு, மன்னிச்சுக்குங்க மன்னிச்சுக்குங்கன்னு குனிஞ்சு குனிஞ்சு சொல்றா. பூமி பொளந்து உள்ள வாங்கிக்கக் கூடாதான்னு இருந்துச்சு எனக்கு.

அன்னிக்குக் கட்டுரையில சுற்றுச்சூழலைப் பத்திக் கேட்டிருந்தான். நாலு வரி எழுதினேன். மரம் நல்லது. தண்ணி நல்லது. குப்பை நல்லது இல்ல. அப்புறம் அத்தனை கட்டமும் காலியா என்னையே பாக்குது. பக்கத்துல ஒரு பொண்ணு மழை பெய்யற மாதிரி எழுதறா. அந்த இடத்துல சுகந்தி உக்காந்திருந்தா என்ன எழுதியிருப்பான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். ஒரு நிமிஷம்தான். அப்புறம் பெல் அடிச்சுட்டாங்க.

எனக்குத் தொண்ணூத்தெட்டு. மூணு தடவைக்கு இதான் கம்மி. சுகந்திக்கு நூத்தித் தொண்ணூத்தாறு. இருநூத்துக்கு.

அவ அத்தனை மார்க் வாங்கினதே நான் செஞ்சதுக்குச் சாட்சி மேடம். பத்தாங்கிளாஸ் புள்ளையைக் கொண்டுபோய் அஞ்சாங்கிளாஸ் பரீட்சையில உக்கார வெச்சா அப்படித்தான் வரும். ஆனா ஊர்ல அதுக்குப் பேரு சாதனை. நானும் பேனர் அடிச்சு மாட்டினேன். மாட்டினதுல இருந்து அட்மிஷன் நல்லாவே இருக்கு, பொய் சொல்லக் கூடாது.

மில்க் ஸ்வீட் வாங்கிக்கிட்டு வந்தா. என் கால்ல விழுந்தா. வேணாம் வேணாம்னு சொல்றதுக்குள்ள விழுந்து எழுந்துட்டா. "நீங்க சொன்ன மாதிரி படிப்படியாப் போனதாலதான் சார். அன்னிக்கு அவசரப்பட்டு நானா பெரியது எழுதியிருந்தா அவமானப்பட்டிருப்பேன்." ஒரு ஸ்வீட்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டேன், பேசாம இருக்கலாமேன்னு.

அந்த ஆபீஸ் வேலைக்கு டெல்லியில இருந்து ஒரு பையன் வந்தான். நாலாம் நிலை சர்டிபிகேட். நல்ல பையன்தான், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கொரியா சார் சொல்றதை அவன் இந்தியில சொல்றான், லைன்ல நிக்கற நம்ம பொண்ணுங்களுக்கு இந்தி தெரியாது. கடைசியில என்ன ஆகுதுன்னா, கொரியா சார் பேசும்போதே சுகந்தி நின்ன இடத்துல இருந்து தமிழ்ல சொல்லிடறா. வயரைக் கட்டிக்கிட்டே சொல்றா. அவன் நாற்காலியில உக்காந்து தலையாட்டறான். இதை அவ என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்வாங்க. எனக்கு ராத்திரி பகல்னு இல்ல, பேனரைத் தாண்டிப் படியேறும்போதெல்லாம் குறுகுறுக்குது. வெக்கமா இருக்குங்க. நாப்பத்தாறு வயசுல, ஒரு பொண்ணு போட்டோவைப் பாக்காம குனிஞ்சுக்கிட்டு என் க்ளாஸுக்கு நானே ஏறி வர்றேன். சொல்லிடணும்னு முடிவு பண்ணினேன். இந்த வருஷத்துக்கு அப்ளிகேஷன் ஆரம்பிச்சாச்சு. போன வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிச்சு அவ வந்தா, மத்த பசங்க யாரும் இன்னும் வரல. இதான் நேரம்னு கதவைக்கூட ஒருக்களிச்சு வெச்சுட்டு ஆரம்பிச்சேன்.

"சுகந்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு மத்தியானம் எனக்கு டூட்டி எல்லாம் ஒண்ணும் இல்ல. நானும் பரீட்சைதான் எழுதினேன்."

மலையை இறக்கி வெச்ச மாதிரி மூச்சு விட்டேன். அவ சாதாரணமா, "தெரியும் சார்"னா.

"எப்படிம்மா?"

"காலேஜுக்கு எதிர்ல ஜூஸ் கடையில நின்னுக்கிட்டிருந்தோம் சார். நீங்க வரிசையில நின்னீங்க. மத்தவங்க பாத்துடப் போறாங்களேன்னு, பஸ் வருது பஸ் வருதுன்னு எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டேன். யாருக்கும் தெரியாது சார். நானும் யாருகிட்டயும் சொல்லல."

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "போற வழியில கோயில் ஒண்ணு இருந்துச்சு சார், உங்களுக்கு நல்லபடியா வரணும்னு வேண்டிக்கிட்டேன். அப்புறம் ரிசல்ட் கேக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு"ன்னா.

ஒரு வருஷமா தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் கால்ல விழுந்திருக்கா.

நான் அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன் மேடம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, அவளுக்கும் வருத்தம் இல்ல, இனிமே நிம்மதின்னு நினைச்சேன். அவ போகல. பையை இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்கு மாத்தினா. அப்புறம் கேட்டா.

"சார், அன்னிக்கு ஒரு பழைய கேள்வித்தாள் எழுதினேனே. நீங்க மார்க்கு சொல்லவே இல்ல. அன்னிக்கு மத்தியானம் நானும் எழுதியிருந்தா எனக்கு மூணாம் நிலை வந்திருக்குமா சார்?"

ஆமாம்மான்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான் சொல்ல வேண்டியது. வேலை திரும்ப வரப்போறதில்ல, ஆனா அந்தப் பொண்ணு தன்னைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுப் போயிருப்பா. மார்க் எனக்கு மனப்பாடம், ஒரு வருஷமா அதையே நினைச்சுக்கிட்டிருக்கேன். வாயைத் திறந்தேன். அப்ப வந்த பேச்சு என்ன தெரியுமா?

"அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. பரீட்சைன்னா அன்னன்னிக்கு எப்படி வேணா ஆகலாம்."

அவ என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. கோபமாப் பாக்கல. கோபமாப் பாத்திருந்தா தேவலை. அப்புறம், "சரிங்க சார். இந்த வருஷ அப்ளிகேஷனை நானே போட்டுக்கறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னா. கதவுகிட்டப் போனவ திரும்பி நின்னு கை ரெண்டையும் சேத்துக்கிட்டா.

"நான் இப்படிக் கேட்டது தப்பா இருந்தா மன்னிச்சுடுங்க சார்."

நான் என்ன சொன்னேன்னு நினைக்கறீங்க? பழக்கதோஷம் மேடம், வாத்தியார் புத்தி, யோசிக்கவே இல்ல.

"பரவால்லம்மா"ன்னு சொன்னேன். அவளை மன்னிச்சு அனுப்பி வெச்சேன்.